ஒண்ணும் செய்யாத அருளப்பர் செடி

திசு வளர்ப்பு ஆய்வகத்தில் எனக்கு வேலை. கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்க்கிறான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்; செடி சில நாள் வளரும், சில நாள் அழுகும், பயம் மட்டும் எல்லா நாளும் செழிப்பாக வளரும். அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமோ என்று நகராமல் நிற்பவர்களும், ஏடிஎம்மில் போட்ட கார்டு திரும்பி வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்பவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் சொல்கிறேன்.

நான் கொட்டாரத்துக்காரன், பெயர் சுயம்பு. எங்கள் ஆய்வகம் திங்கள்சந்தையைத் தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. குளிர்நாட்டுச் செடி ஒன்றை ஏசி அறையில் வைத்துத் தளிர் தளிராகப் பெருக்குவது என் வேலை. மனச்சோர்வுக்கு மருந்து செய்கிறவர்கள் அந்தத் தளிரை வாங்கிப் போவார்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தினது மாதிரி பொடிப்பொடித் துளைகள் தெரியும். ஓரமெல்லாம் கரும்புள்ளிகள். ஒரு புள்ளியை நசுக்கினால் விரலில் ரத்தச் சிவப்பாக ஒட்டும். எங்கள் தாத்தா சொன்ன இசக்கிப் பேய்க் கதைகளில் ஆபத்து ஒரு நாளும் பல்லைக் காட்டிக்கொண்டு வராது. அழகாக வந்து, கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா என்று மரியாதையாகக் கேட்கும். இந்தச் செடியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது.

வெள்ளை நூல்

குடுவைக்குள் செடிக்கு வேண்டிய சர்க்கரையும் உப்பும் கலந்த கூழ் இருக்கும். சர்க்கரை செடிக்கு மட்டுமா பிடிக்கும்? காற்றில் மிதக்கும் பூஞ்சைக்கு அது கல்யாண வீட்டுச் சாப்பாடு. அதனால் வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை மட்டும் விட்டு, கத்தியைத் தீயில் காட்டிக் காட்டித்தான் தளிரை வெட்டி நட வேண்டும். பேசக் கூடாது. அதில் எனக்குக் கஷ்டமில்லை. சும்மாவே என் குரல் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, பஸ்ஸில் நான் "கொட்டாரம்" என்று சொன்னால் கண்டக்டர் மூன்று தடவை "எங்க?" என்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு காலை, அலமாரியில் என் குடுவை ஒன்றுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நூல்தான். மத்தியானத்துக்குள் அது பஞ்சாகிவிட்டது. பக்கத்துக் குடுவையிலும் ஒரு நூல். அந்த வரிசை முழுக்கப் போனால் தாய்ச்செடியும் போகும், தாய்ச்செடி போனால் எல்லாம் போகும். எங்கள் வேதியியல்காரர் சாகுல் சாரைக் கூப்பிட்டேன். தேங்காப்பட்டணத்துக்காரர், வளைகுடாவில் ரொம்ப வருஷம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தவர். குடுவையைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடும்போ மூச்சு விட்டியா மோனே?" என்று கேட்டார். விட்டேன் சார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னது:

"அப்ப அதாக்கும் காரணம்."

பெயர் வைத்தவர்

குடுவை கழுவுவது, கூழை ஆட்டோகிளேவில் வேகவைப்பது, கழிவை அப்புறப்படுத்துவது எல்லாம் பிலோமினாக்கா பொறுப்பு. ஆட்டோகிளேவ் என்பது ஆள் உயரப் பிரஷர் குக்கர். கடியப்பட்டணத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். செடியின் அறிவியல் பெயரைச் சொல்ல வந்தால் பாதியில் தும்மல் வருகிறது என்பார். ஒரு நாள் சாகுல் சார், வெளிநாட்டில் இதற்கு யோவான் புனிதரின் பெயர், அவர் திருநாளை ஒட்டிப் பூப்பதால் அப்படி என்று சொன்னார். அக்கா கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டு, "யோவான்னா எங்க அருளப்பராக்கும்!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஆய்வகத்தில் அது அருளப்பர் செடி. லேபிளில் மட்டும்தான் பழைய பெயர்.

அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, அவருடைய அக்கா ரோஸ்மேரி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்ததால் உயிர் பிழைத்தவர். வந்து சேர்ந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று தள்ளிவிடாமல் இருக்க வேளை தவறாமல் மாத்திரை. இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது. அது தெரிந்த பிறகு மனுசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார், பேச்சு மட்டும் கிடையாது. வெப்ராளம், என்பார் அக்கா. மனசு கிடந்து தவிப்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. செடி எதற்கு மருந்து என்று அக்கா என்னிடம் கேட்டபோது, வெப்ராளத்துக்கு என்றேன். குளிர்ந்த கண்ணாடிக்குள் பச்சைப் பசேலென்று நின்ற தளிர்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் மாதாகோயில் மாதாகோயிலா ஏறி எறங்குனேன் மக்கா, அருளப்பரு இஞ்ச ஏசி போட்டு இருக்காரு பாத்தியா."

வெள்ளாடு

வெட்டி ஒதுக்கிய தளிர்களை ஆரம்பத்தில் காம்பவுண்டுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுத் தங்கப்பன் அண்ணாச்சியின் வெள்ளை ஆடு வேலியில் தலையை விட்டு அதை ருசி பார்த்திருக்கிறது. சில நாளில் அதன் காதும் மூக்கும் வெந்து கொப்பளித்துவிட்டன. வெயிலைக் கண்டால் கத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறது. அண்ணாச்சி ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சிவந்து பிளந்த அந்தக் காதுகளைக் கண்டதும் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் அன்றாடம் தொடுகிற செடி இது.

சாகுல் சார் விளக்கினார். கரும்புள்ளியில் இருக்கும் சிவப்புச் சாயம் உடம்புக்குள் போனால் தோல் வரைக்கும் வந்துவிடும். அங்கே வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளிச்சத்தை வாங்கிச் சுற்றியிருக்கும் சதையைச் சுடும். கறுத்த ஆட்டுக்கு அவ்வளவு தெரியாது, வெள்ளைத் தோல் தாங்காது. இனிமேல் கழிவு ஒரு துளி வெளியே போகக் கூடாது, ஆட்டோகிளேவில் வேகவைத்துப் புதைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவானது. அந்தப் பொறுப்பையும் பிலோமினாக்காவே வாங்கிக்கொண்டார். ஆட்டைக் கொஞ்ச நாள் நிழலிலேயே கட்டுங்கள், சரியாகிவிடும் என்றார் சார். அண்ணாச்சி ஆட்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"மேயப் போற ஆட்டுக்கு நான் கொட பிடிச்சிட்டுப் பின்னால நடக்கணுமா, வோய்?"

வெள்ளத்தில் இறங்காது

ஒரு கல்லூரியிலிருந்து மாணவிகள் பார்வையிட வந்தார்கள். சாகுல் சாருக்குக் கேட்க ஆள் கிடைத்தால் போதும். தளிருக்கு ஈஸ்ட் சாற்றைக் கொஞ்சம் காட்டினால், ஏதோ பூஞ்சை தாக்க வந்துவிட்டது என்று செடி பயந்துபோய்த் தன் மருந்தைக் கூடுதலாகச் சுரக்கும் என்று விளக்கினார். பயத்தில்தான் அதற்கு வீரியம் ஏறும். செடியும் என் இனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெண், இதைக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் குடித்தால் போதாதா என்று கேட்டாள். சார் சொன்னார்: சிவப்புச் சாயம் ஒன்று, அதை விட முக்கியமான இன்னொன்று நிறமில்லாதது, மகா முன்கோபி, வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுவிடும். அது வெள்ளத்தில், எங்கள் பக்கம் தண்ணீருக்கு அதுதான் பேச்சு, அவ்வளவாக இறங்காது. எண்ணெயில் இறங்கும். கொழுப்போடு சேர்ந்தால்தான் அதற்குப் பிரியம்.

அதன் பிறகுதான் அவர் மறுபாதியைச் சொன்னார். அந்த முன்கோபி ஈரலைத் தட்டி எழுப்பிவிடும், எழுந்த ஈரல் நாம் சாப்பிடும் மற்ற மாத்திரைகளை வேலை செய்யுமுன் கழித்து வெளியே தள்ளிவிடும், அதனால் வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்று. ஆனால் அதற்குள் ஆட்டோகிளேவ் விசிலடித்துவிட்டது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிலோமினாக்கா முதல் பாதியோடு உள்ளே போய்விட்டார். சார் பேசி முடித்த பிறகு நான் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது, அக்கா முகம் மலர்ந்து சொன்னார்:

"அதுக்கும் தேங்கான்னா உசிரு, நம்மள மாதிரி."

சிவந்த துவையல்

எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. சில வாரம் கழிந்து ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை, சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா அன்று பாட்டுப் பாடாத குறை. "மக்கா, நேத்து அவரு பேசிட்டாரு! மீன்கறிக்குப் புளி காணாதுன்னு எனக்க கிட்ட சண்டை. கல்யாணம் ஆன புதுசுல போட்ட மாதிரி சண்டை!" கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்குவாளியைத் திறந்தார். தேங்காய்த் துவையல். ஆனால் தேங்காய் லேசாகச் சிவந்திருந்தது. மிளகாய்ச் சிவப்பு இல்லை. என் விரலில் எத்தனையோ தடவை ஒட்டிய சிவப்பு.

"இது என்ன இலை அக்கா?" என்றேன். "என்ன இலையா? அருளப்பரு. குக்கர்ல வேக வச்சா சத்து போயிரும்லா, அதுக்கு முந்தியே ஒரு பிடி எடுத்து வச்சுக்கிடுவேன். வெள்ளத்துல எறங்காதுன்னு சாரு சொன்னாருல்லியா, தேங்கா வச்சு அரைச்சிட்டேன். அவருக்கு அன்னாடம் ஒரு உருண்டை." அவருக்குக் கொடுக்குமுன் தானும் தின்று பார்த்தாராம். பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டேன். அந்தோணி அண்ணனின் மாத்திரை, தட்டி எழுப்பப்பட்ட ஈரல், ரோஸ்மேரியக்கா கொடுத்த சிறுநீரகம், மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து கண்முன்னே நின்றன. "அக்கா, அது அண்ணனுக்க மாத்திரையை..." என்று ஆரம்பித்தேன். வந்தது காற்றுதான், சத்தம் வரவில்லை. அவர் ஒரு உருண்டையை என் இலையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஒண்ணும் செய்யாது" என்ற வார்த்தையை எங்கள் ஊரில் கேட்காத ஆள் கிடையாது. கெடுதல் இல்லை என்று பொருள். ஆனால் ஒன்றும் செய்யாத பொருளை யாராவது மருந்தாகத் தின்பார்களா? நோயை மட்டும் செய்யும், நம்மை ஒன்றும் செய்யாது என்று செடியோடு ஒப்பந்தம் போட்டது மாதிரி நம்பிக்கொண்டு சொல்கிறோம். அக்காவும் அதையே சொன்னார்.

"சும்மா தின்னு மக்கா, பச்சிலைதானே, ஒண்ணும் செய்யாது."

பஸ்

கையைக்கூடக் கழுவாமல் சாகுல் சாரிடம் ஓடினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அவருக்குப் புரிந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த சாயாவை அப்படியே வைத்தார். முகத்தில் ரத்தமில்லை. "மாத்திரை வயித்துக்குப் போகுது, ஆனா ரத்தத்துல நிக்காது மோனே. மடையைத் தொறந்துவிட்ட மாதிரி போயிரும். போ, அவள நிறுத்து, இன்னைக்கே ரத்தம் பாக்கணும்." திரும்பி வந்தால் அக்கா இல்லை. ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் ஏறிவிட்டால் அக்கா போனைப் பைக்கு அடியில் போட்டுவிடுவார், எடுக்கமாட்டார்.

ரோட்டுக்கு ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் அக்கா, மடியில் தூக்குவாளி. அதில் மிச்சத் துவையல். வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்கு அதைத்தான் வைப்பார். என் வாழ்க்கையில் அதுவரை வராத ஒரு சத்தம் அப்போது என் வயிற்றிலிருந்து வந்தது. "பிலோமினாக்கா! துவையலை அண்ணனுக்குக் குடுக்காதீங்கோ!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். யாரோ "அப்படி என்ன வேய் துவையலு?" என்று கேட்க ஒரே சிரிப்பு. அக்கா சிவந்த முகத்தோடு இறங்கி வந்து என்னை அடிக்கக் கையை ஓங்கினார். ரோட்டோரத்தில் வைத்து எல்லாம் சொன்னேன். ஓங்கின கை அப்படியே இறங்கித் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டது. பிறகு மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்:

"இத நீ சாப்பாட்டு நேரத்துலயே கத்திச் சொல்லப்பிடாதா மக்கா?"

ஆஸ்பத்திரி வராந்தா

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பொழுதை எப்படிச் சொல்ல? பூஞ்சை வந்ததா என்று குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போமே, அந்த ஒரு நொடியைப் பிடித்து நாள் முழுக்க இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிலோமினாக்கா ஜெபமாலையை உருட்டி, புனிதர்கள் பிரார்த்தனையும் சொன்னார். ஆனால் அருளப்பர் பெயர் வரும் இடம் வந்தால் தயங்குகிற மாதிரி எனக்குப் பட்டது. நடுவில் அந்தோணி அண்ணன், அந்தப் பக்கம் ரோஸ்மேரியக்கா. அந்த அம்மாவின் இடுப்புப் பக்கம் என் கண் போய்ப் போய்த் திரும்பியது. அங்கிருந்து எடுத்ததுதான் இப்போது போய்விடுமோ என்கிறோம். கொடுக்கிறதற்கு அவரிடம் இன்னொன்று இல்லை.

டாக்டர் கூப்பிட்டார். மாத்திரையின் அளவு ரத்தத்தில் ரொம்பவே இறங்கியிருந்தது. சிறுநீரகம் முணுமுணுக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் சண்டைக்குப் போகவில்லை என்றார். செடியை உடனே நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தினால் ஈரல் பழையபடி தூங்கப் போகும், அப்போது அதே மாத்திரை ரத்தத்தில் தேவைக்கு மேல் ஏறும், அதுவும் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆகவே அடிக்கடி வந்து ரத்தம் பார்க்க வேண்டும். குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம். மனச்சோர்வும் நோய்தான், அதற்கு இவருக்கு ஒத்துக்கொள்கிற மருந்து இருக்கிறது, மனநல டாக்டரைப் பாருங்கள், இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். வெளியே வந்து பிலோமினாக்கா நாத்தனாரின் காலைப் பிடிக்கக் குனிந்தார். ரோஸ்மேரியக்கா அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"ஏட்டி, எனக்க கிட்னி எனக்க வீட்டுல இருந்தது வரைக்கும் கஞ்சியும் கருவாடும்தான் தின்னுச்சு, அதுக்குப் போயி புதுசா துவையல் வச்சியே."

அண்ணன் வாய் திறந்தது

அடுத்த வாரங்களில் பிலோமினாக்காவுக்கு இரண்டு பயம். ரத்தப் பரிசோதனை ஒன்று. இன்னொன்றை என்னிடம் மட்டும் சொன்னார்: செடியை நிறுத்தியாயிற்று, மனுசன் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால்? காலையில் கண் விழித்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்றுதான் பார்ப்பாராம். மனநல டாக்டரின் மருந்து பிடிக்க நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கும் தளிரை வெட்டும்போது கை கூசியது. இந்தக் கத்தியால் நான் பெருக்குவது யாருக்கு மருந்து, யாருக்கு விஷம் என்று குடுவை மேல் எழுதியா இருக்கிறது?

கடைசியாகப் பார்த்த பரிசோதனையில் அளவு சரியான இடத்தில் நின்றது, சிறுநீரகமும் அடங்கிவிட்டது என்று கேட்டு, சாகுல் சாரும் நானும் கடியப்பட்டணம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. வீட்டுக்குள் போனால் அண்ணன் சுவரைப் பார்த்து இருப்பாரோ? வீட்டில் அவர் இல்லை. கடற்கரையில், கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் நாலைந்து பேரோடு வலையை மடியில் போட்டு அறுந்த கண்ணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். எப்படி இருக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். புதிய மருந்து நல்லதுதான், ராத்திரி உறக்கம் வருது என்றார். பிறகு வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வீட்டுப் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"எனக்க பெஞ்சாதி பாசத்துல என்னக் கொல்லப் பாத்திருக்கா, லேய், இதுக்குப் பொறவும் ஏசாம வாயப் பொத்திக்கிட்டு இருக்க முடியுமா?"

இப்போதெல்லாம் யாராவது "தின்னு, ஒண்ணும் செய்யாது" என்று எதையாவது நீட்டினால், அது வெறும் பப்படமாகவே இருந்தாலும், வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன்.